அளவில்லாச் சாப்பாடும் அளவறிந்த வயிறும்

சென்ற ஆண்டு என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதைக் கொண்டாட, தில்லியில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்த பஃபே உணவகத்திற்குக் குடும்பத்துடன் சென்றோம். ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த என் தந்தையாரும் உடன் வந்தார். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்துசென்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தட்டுகளுடன் பறந்துவிட்டனர். தந்தையார் மட்டும் கைகளைக் கழுவிவந்து நாற்காலியில் அமர்ந்தவாறே காத்திருந்தார். சிறிது நேரங்கழித்து என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, யாரு பரிமாறுவாங்க?" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு தட்டை எடுத்து வந்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அளவில்லாமல் உண்ணலாம் என்னும் அழைப்பு மனிதனை ஏன் இவ்வளவு கவர்கிறது? அக்கவர்ச்சி உணவிலா, விலையிலா, அல்லது வேறொன்றிலா? விடை தேடப் புகுந்தபோது அது பல நாடுகளின் வரலாற்றுக்குள் என்னை இட்டுச் சென்றது. அறிந்தவற்றை இம்மலரின் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மேசையின் பிறப்பு

பஃபே என்பது பிரெஞ்சுச் சொல். விருந்து மண்டபத்தின் ஓரத்தில் பாத்திரங்களையும் உணவு வகைகளையும் அடுக்கி வைக்கும் பக்க மேசைக்குப் பெயராக இருந்து, பின்னர் அவ்வாறு பரப்பிய உணவுக்கே பெயராயிற்று. எனினும் இன்று நாம் காணும் முறைக்கு நெருங்கிய மூதாதை சுவீடன் நாட்டின் 'ஸ்மார்கஸ்போர்டு' ஆகும். விருந்தினர் முறையான உணவுக்கு அமருமுன் சிறிது மதுவும் ரொட்டியும் மீனும் கொறிக்க வைத்த மேசையே அது. இருபதாம் நூற்றாண்டில் அதுவே முழு உணவாக வளர்ந்தது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில், சுவீடன் அரங்கின் 'மூன்று மகுடங்கள்' என்னும் உணவகம் அதனை அமெரிக்கருக்கு அறிமுகம் செய்தது.

சுவீடன் மக்கள் அம்மேசைக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கின்றனர். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவிப்பது அங்கே நாகரிகமன்று. முதலில் ஹெர்ரிங் மீன், அடுத்துப் பிற குளிர்ந்த மீன் வகைகள், அதன்பின் குளிர்ந்த இறைச்சி, பிறகு சூடான உணவு, இறுதியில் இனிப்பு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு எடுத்துச் சிறிது சிறிதாகவே உண்ண வேண்டும். மேசைக்கு அளவில்லை, ஆனால் உண்பவனுக்கு அளவு உண்டு.

சூதாட்ட நகரின் கணக்கு

அம்முறை அமெரிக்கப் பாலைவனத்தில் லாஸ் வேகாஸ் நகரை அடைந்தபோது வேறு உருக்கொண்டது. 1941-இல் திறக்கப்பட்ட 'எல் ராஞ்சோ வேகாஸ்' என்னும் சூதாட்ட விடுதி, அப்பத்தாண்டிலேயே 'பக்கரூ பஃபே' என்ற பெயரில் ஒரு டாலருக்கு வேண்டுமட்டும் உண்ணலாம் என்று அறிவித்தது. நள்ளிரவு கடந்தும் ஆட்டக்காரர்கள் பசிக்காக வேறிடம் தேடிப் போய்விடக் கூடாது என்பதே நோக்கம். உணவில் இழந்ததைச் சூதாட்ட மேசையில் பெற்றுக்கொண்டனர். சோறு அங்கே தூண்டிலில் கோத்த புழுவாயிற்று.

சூதாட்டம் இல்லாத உணவகங்களுக்கும் கணக்கு உண்டு. பரிமாறுவோர் பலர் தேவையில்லை. ஒரே உணவைப் பேரளவில் சமைப்பதால் செலவு குறையும். பத்துப் பேரில் இருவர் மலைபோல் உண்டால், குழந்தைகளும் முதியோருமாக மற்றவர் குறைத்து உண்பர். வரிசையின் தொடக்கத்தில் வயிற்றை நிரப்பும் ரொட்டியும் சோறும் உருளைக்கிழங்கும். விலை மிகுந்தவை கடைசியில். தட்டும் சற்றே சிறியதாக இருக்கும். கொடுப்பவன் ஒவ்வொரு கரண்டியையும் அளந்திருக்கிறான். அளவை மறப்பவன் உண்பவனே. கட்டிய பணத்திற்கு ஈடாக உண்டாக வேண்டும் என்று, பசி அடங்கிய பின்னும் கணக்குத் தீர்ப்பவனைப்போல் அவன் உண்கிறான்.

ஜப்பானிலும் இவ்விருந்து புகுந்த கதை சுவையானது. டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் தலைவர் இனுமாரு, ஐரோப்பாவின் வடநாடுகளில் கண்ட மேசையைத் தம் விடுதியிலும் அமைக்க விரும்பினார். ஸ்மார்கஸ்போர்டு என்னும் பெயர் ஜப்பானியர் நாவில் எளிதில் நுழையவில்லை. அப்போது நகரில் ஓடிக்கொண்டிருந்த வைக்கிங் வீரர்களைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படத்திலிருந்து பெயரெடுத்து, 1958-இல் 'இம்பீரியல் வைக்கிங்' என உணவகத்தைத் திறந்தனர். இன்றும் ஜப்பானியர் பஃபே உணவை வைக்கிங் என்றே வழங்குகின்றனர். போரின் பஞ்சத்தையும் பங்கீட்டையும் கண்டு பதின்மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த மக்களுக்கு, அளவில்லா உணவு என்பதே மீட்சியின் அடையாளமாகத் தோன்றியிருக்கும் அல்லவா?

நம் மரபில் அளவின்மை

எடுக்க எடுக்கக் குறையாத உணவு என்னும் கனவு நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியை அறியாத தமிழர் இலர். மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அப்பாத்திரம், பின்னர் மணிபல்லவத்தில் மணிமேகலையின் கையை அடைந்தது. அவள் அதைக்கொண்டு தீர்த்தது காயசண்டிகையின் பசியை. எவ்வளவு உண்டாலும் அடங்காத அப்பசியை யானைத்தீ என்னும் நோயாகவே காப்பியம் காட்டுகிறது. பாத்திரத்திற்கு முடிவில்லை என்பது மட்டும் அதன் சிறப்பன்று. முடிவில்லாப் பசிக்கு ஒரு முடிவைத் தந்ததே அதன் பெருஞ்சிறப்பு.

கதையை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். எங்கள் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் அமைத்தது அது. 1799-இல் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன்பின், சத்திரங்களையேனும் தம்மிடம் விட்டுவைக்குமாறு வேண்டி 1801-இல் சரபோஜி ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கர் எவராயினும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மிளகு முதலியனவும். நோயுற்றோர்க்கு மருந்தும் பத்திய உணவும் என்று அக்கடிதம் விரிவாகச் சொல்கிறது. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வருக என்று கூவி அழைப்பர். லாஸ் வேகாஸிலும் நள்ளிரவில் உணவு இருந்தது. தஞ்சைச் சத்திரங்களிலும் நள்ளிரவில் உணவு இருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

பந்தியின் குறை

இவ்வாறு நான் பழம்பெருமை பேசிக்கொண்டிருந்தபோது என் மகள் இடைமறித்தாள். "அப்பா, தாத்தா காலத்துப் பந்தியிலே எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தாங்களா? இங்கே யார் வேணும்னாலும் அதே கரண்டியை எடுக்கலாமே" என்றாள். அவள் கூற்றை என்னால் மறுக்க இயலவில்லை.

நம் நாட்டில் யார் எங்கே அமர்வது, யாருக்கு முதற்பந்தி, யாருக்குக் கடைப்பந்தி என்பதெல்லாம் சாதியாலேயே தீர்மானிக்கப்பட்டன. சத்திரங்களும் அதற்கு விலக்கல்ல. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம் நாட்டுப்பற்றை வளர்க்க எழுந்த நிறுவனம். அங்கும் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளித்ததால் எழுந்த பூசல் 1924, 1925 ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கியது. அரசியலின் போக்கையே மாற்றியது. ஓர் இலையை எங்கே போடுவது என்னும் கேள்வி அத்துணைப் பெரியது.

அந்நோக்கில் பஃபே மேசைக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே முதற்பந்தி கடைப்பந்தி இல்லை. பரிமாறுபவன் ஆளைப் பார்த்து நெய்யைக் கூட்டிக் குறைப்பதும் இல்லை. கூச்சமுள்ளவன் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இதனை மறைத்துவிட்டுப் பந்தியை மட்டும் புகழ்ந்தால் வரலாறு நம்மை மன்னிக்காது.

மெஸ்ஸில் கற்ற பாடம்

பிழைப்புத் தேடி வடக்கே வந்த நம்மவர்க்கு அளவில்லாச் சாப்பாடு மெஸ் வடிவில் கைகொடுத்தது. மும்பை மாதுங்காவில் 1937-இல் தோன்றிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவை தென்னாட்டு இளைஞர் பல்லாயிரவரின் வயிற்றைக் காத்தவை. தலைநகரிலும் கரோல்பாக் பகுதியில் இத்தகைய சிறு மெஸ்கள் இருந்தன.

நான் எழுத்தராகப் பணியேற்றுத் தில்லி வந்த புதிதில், அங்கே ஒரு மெஸ்ஸில் உண்டேன். ஊருக்குப் பணம் அனுப்பியது போக, மாதக் கடைசியில் ஒரு வேளைக்குத்தான் கையிருப்பு இருக்கும். பரிமாறிய பாலக்காட்டுப் பெரியவர் இதை எப்படியோ கண்டுகொண்டார். நான் ஒன்றும் சொன்னதில்லை. மாதத்தின் கடைசி நாள்களில் என் அருகே வரும்போது மட்டும் கரண்டி ஒருமுறை கூடுதலாகச் சாயும். "ராத்திரிக்கும் சேர்த்துச் சாப்பிடு, தம்பி" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரு நாளும் தடுத்ததில்லை.

ஒரு நாள் ஆசையால் சோற்றை அதிகம் வாங்கி, முடியாமல் இலையில் விட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாள் முதல் உரிய நேரத்தில் "போதும் அண்ணா" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்த மெஸ் இன்று இல்லை.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம், மருந்து தொண்ணூற்றைந்தாவது. முன்னது கொடுப்பவனுக்குச் சொன்னது. அங்கே எல்லை கூறப்படவில்லை. பின்னது உண்பவனுக்குச் சொன்னது. அங்கே அளவே அறம். அளவின்மை கொடுப்பவன் பக்கமும் அளவு உண்பவன் பக்கமும் இருப்பதே நம் முன்னோர் கண்ட ஒழுங்கு. வாணிக பஃபேயில் இது தலைகீழாகிறது. அதன் கவர்ச்சி பொய்யன்று. ஆனால் உணவு முடிந்ததும் அக்கவர்ச்சியும் முடிந்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்க ஆளில்லை, ஆகவே "போதும்" என்று சொல்லவும் இடமில்லை.

ஒரு வேண்டுகோள்

அன்று உணவகத்தில் என் தந்தையார் பிறர் மேசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் மீந்த தட்டுகளைப் பணியாளர் அள்ளிச் சென்றவண்ணம் இருந்தனர். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டபோது அவருக்குப் பதினைந்து வயது. திங்கட்கிழமை இரவில் வீட்டில் அடுப்பு எரியாததை அவர் மறந்ததில்லை.

அடுத்த ஞாயிறன்று அவரைப் பங்களா சாகிப் குருத்வாராவுக்கு அழைத்துச் சென்றேன். குரு நானக் தொடங்கிய லங்கர் என்னும் அன்னசாலை மரபு அங்கே ஒவ்வொரு நாளும் நடைபெறுகிறது. பேரரசர் அக்பரும் வரிசையில் அமர்ந்து உண்டார் என்பது சீக்கியர் கொண்டாடும் மரபு. எல்லாரும் ஒரே தரையில், ஒரே வரிசையில். சாதியில்லை, கட்டணமில்லை, அளவுமில்லை. ரொட்டியை இரு கையேந்திப் பெற வேண்டும். இளைஞர் ஒருவர் மூன்றாம் முறையும் குனிந்து நீட்டியபோது, தந்தையார் கைகுவித்துத் தமிழிலேயே "போதும்ப்பா" என்றார். அவருக்கும் அது புரிந்தது.

நம் சங்க விழாக்களிலும் இடநெருக்கடியால் பந்தி போய், பஃபே மேசை வந்துவிட்டது. அதைக் குறை கூறேன். வரிசையில் வேற்றுமையின்றி நிற்பது நல்லதே. ஒன்று மட்டும் வேண்டுகிறேன். மேசைக்குப் பின்னால் நம் பிள்ளைகளை முறைவைத்து நிறுத்துவோம். கரண்டி அவர்கள் கையில் இருக்கட்டும். வருவோர் ஒவ்வொருவரிடமும், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அவர்கள் தமிழில் கேட்கட்டும். அடுத்த பொங்கல் விழாவுக்கு முதல் ஆளாக என் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.