தங்கவயலில் நடப்பவர்களின் உரிமை

கோலார் தங்கவயலை ஊராக்கியவர்கள் வேலைக்கு நடந்து போனவர்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத் தொழிலில் இறங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. பெரும்பாலும் தலித் மக்கள். ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம், கோரமண்டல் என்று சுரங்கத்தை ஒட்டி லைன் வீடுகள் எழுந்தன. சங்கு ஊதினால் ஷிப்டுக்கு நடை; ஷிப்டு முடிந்தால் வீட்டுக்கு நடை.

ஊருக்கு வந்த வசதியெல்லாம் தங்கத்தைத் தேடி வந்தவை. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம்வரை ரயில் ஓடியது. பௌரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. குடிநீர், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு, சாலை எல்லாவற்றுக்கும் சுரங்கத்தையே பார்த்திருக்க வேண்டிய நிலை. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையான பிறகும், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்த பிறகும் அதுவே வழக்கம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பராமரிப்பும் அதோடு போயிற்று.

நிறுவனத்தின் பெயரில் சுமார் 12,000 ஏக்கர் இருந்தது. லைன்களில் வாழ்பவர்கள் நகராட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அவர்கள் காலடி மண்ணோ மத்திய அரசு நிறுவனத்தின் சொத்து. பெயர்ந்த கல்லையும் உடைந்த சாக்கடை மூடியையும் யார் சரிசெய்வது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது.

ஆனால் நடை நின்றுவிடவில்லை. விடிவதற்குள் ஊரிகம் ஸ்டேஷனுக்கும் மாரிக்குப்பத்துக்கும் நடந்து, பெங்களூர் ரயிலைப் பிடித்துப் பிழைப்புக்குப் போகிறவர்கள் ஏராளம். வயதான சுரங்கத் தொழிலாளர்களின் பாடு இன்னும் கடினம். 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, 43.7 விழுக்காட்டினருக்குக் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இருந்தது. நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும் ஒருவருக்குக் குண்டும் குழியுமான பாதை வீட்டுச்சிறைக்குச் சமம்.

சட்டம் இவர்கள் பக்கம் நிற்கிறது. 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில், பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார். அது சாக்கடைக்காக ரத்லம் ஊர் மக்கள் நடத்திய போராட்டம். 2019இல் பெங்களூர்ச் சாலைகள் குறித்த வழக்கில், நல்ல நிலையிலுள்ள சாலையும் நடைபாதையும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம். அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி அபய் ஓகா. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவரே இடம்பெற்ற அமர்வு நடைபாதையை வாழ்வுரிமையின் பகுதி என்று நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு அகற்றப்பட வேண்டும் என்றும் சொன்னது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் பிறந்த உத்தரவு அது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர்.

இந்தத் தீர்ப்புகள் எதிலும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்து நடப்பவரின் உரிமை கூடவோ குறையவோ இல்லை. ஊரிகத்துக்கு வேண்டியதும் பெரிய திட்டமல்ல. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி நடைபாதைக்குக் கேட்பது தடையற்ற 1.8 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டருக்கு மிகாத உயரமும்தான். ஸ்டேஷனிலிருந்து லைன்கள்வரை செல்லும் பாதைகளை அந்த அளவுகோலால் அளந்து, செலவை நகராட்சியும் மத்தியச் சுரங்க அமைச்சகமும் பகிர்ந்துகொள்ள எழுத்துபூர்வமாக ஒப்ப வேண்டும். மறுத்தால், 2019 தீர்ப்பைக் கையில் ஏந்தி உயர் நீதிமன்றத்தை அணுகத் தங்கவயல் மக்களுக்கு முழு உரிமை உண்டு.