சோழவரம்: விமானம் போய் ரேஸ் வந்த கதை

பட்டைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுத நம் பெரிய காஞ்சிபுரத்தில் தகுதியானவர்கள் பலர் உண்டு. அடியேன் மோட்டார் தொழிலில் காலம் தள்ளும் என்ஜினீயர். ஆகவே ஒரு பழைய ரன்வேயைப் பற்றிச் சொல்கிறேன். வேற்றூர்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1997-இல் மாவட்டம் பிரியும் வரை சோழவரமும் நம்ம மாவட்டம்தான். பொன்னேரிப் பக்கத்து ஜனங்கள் கலெக்டரைப் பார்க்க காஞ்சிபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும்!

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்கள்கூட வெளியூர்களுக்கு இடம் மாறின. அந்தப் போர்க்காலத்தில் தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று விமானத் தளங்கள் எழுந்தன. 1945-இல் சண்டை ஓய்ந்தது. தாம்பரம் இந்திய விமானப்படையிடம் நிலைத்தது. அரக்கோணம் 1992-இல்தான் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’யாக மறுபிறவி எடுத்தது. சோழவரத்துக்கு மட்டும் யாரும் எதிர்பார்க்காத யோகம்.

1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தியாவில் ரேஸ் விடுவதற்கென்று கட்டிய பாதை ஏது? கிளப்காரர்களின் கண்ணில் சோழவரம் பட்டது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1950-இல் முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோன், போர்க்காலத்து விமானத் தளமே.

ஏன் ரன்வே? விமானத்தின் பாரம் முழுவதும் இறங்கும்போது சில சக்கரங்களின் மேல் விழுகிறது. அதைத் தாங்குகிற தளத்துக்கு ஒரு பியட் கார் எம்மாத்திரம்? அகலமும் தாராளம். மரமோ வீடோ குறுக்கே கிடையாது. மழைத் தண்ணீர் வழிந்தோட லேசான சரிவும் உண்டு. ஆனால் ஒரு குறை: விமானத்துக்கு வளைவு வேண்டியதில்லை, ரேசுக்கு வளைவுதான் உயிர். நீண்ட நேர்ப்பாதையில் பறந்து வந்து, கடைசியில் பிரேக்கை நம்பித்தான் திரும்ப வேண்டும். பிரேக்குக்கும் டயருக்கும் அதைவிடக் கடுமையான பரீட்சை வேறென்ன?

என் கணிப்பில், மெட்ராஸ் இந்தியாவின் மோட்டார் பந்தயத் தலைநகர் ஆனதற்கு இந்த ஒரு ரன்வேயே முக்கிய காரணம். என்பீல்டும் எம்.ஆர்.எப்.பும் திருவொற்றியூரில், சோழவரம் கூப்பிடு தூரம். கோவை கரிவர்தன் தம் கைவண்ணக் கார்களோடு இங்கே வந்தார். பிற்பாடு வேறு காரணங்களுக்காகப் பேப்பரில் அடிபட்ட விஜய் மல்லையா, 1980-களில் இங்கே ஒரு பார்முலா ஒன் காரையே ஓட்டினார். இந்தியாவில் கார் வாங்குவதற்கே வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில்!

எத்தனை ஓட்டினாலும் நிலம் என்னவோ ராணுவத்துடையது. சொந்த இடம் இருந்தால்தான் வளைவும் பாதுகாப்பும் நினைத்தபடி அமையும். கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990-இல் சுமார் 3.7 கிலோமீட்டர் பாதையைத் திறந்தது. ஹூண்டாய் தொழிற்சாலை அங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல்தான். அதாவது, கார் செய்கிறவர்களுக்கு முன்பே கார் விரட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பாதையில் பார்முலா மாருதி ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் இருங்காட்டுக்கோட்டைதான். சோழவரத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று ரேஸ் பார்த்த அண்ணன்மார்கள் நம் சங்கத்தில் கட்டாயம் இருப்பீர்கள். ஓட்டியவர்களின் பெயர் பேப்பரில் வந்தது. பார்த்தவர்கள் கண்டதை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த வருஷம், எந்த வண்டி, ஊரிலிருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அடுத்த மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். பழைய போட்டோ பரணில் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். காப்பி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.