ஆபரேஷன் காவேரி (சூடான், 2023)

சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கிருந்த இந்தியர்களை மீட்க இந்திய அரசு நடத்திய பணி ‘ஆபரேஷன் காவேரி’. இது 2023 ஏப்ரல் 24 அன்று தொடங்கி மே 5 அன்று முடிந்தது. தமிழர்கள் உள்பட 3,862 பேர் நாடு திரும்பினர்.

பின்னணி

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் தலைநகர் கார்த்தூமில் சண்டை வெடித்தது. விமான நிலையம் முடங்கியது. வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம், இருக்கும் உணவையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது. குறி தவறி வந்த குண்டு பாய்ந்து கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். மூலிகை மருந்து விற்கப் போயிருந்த கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி பழங்குடியினர் சிலரும் சிக்கிக்கொண்டனர்.

மீட்பு

கார்த்தூமிலிருந்து ஏறத்தாழ 850 கி.மீ. தொலைவிலுள்ள போர்ட் சூடான் துறைமுகத்துக்கு மக்கள் பேருந்துகளில் வந்தனர். அங்கிருந்து கடற்படைக் கப்பல்களும் விமானப்படை விமானங்களும் அவர்களைச் சவூதியின் ஜித்தாவில் சேர்த்தன. ஐ.என்.எஸ். சுமேதா கப்பலில் முதல் அணியாக 278 பேர் புறப்பட்டனர். துறைமுகத்தை எட்ட முடியாத 121 பேருக்காக விமானப்படையின் சி-130ஜே விமானம், கார்த்தூமுக்கு வடக்கே வாடி சய்யித்னாவில் விளக்குகளே இல்லாத ஓடுதளத்தில் இரவில் இறங்கியது. விமானிகள் இரவில் பார்க்க உதவும் கண்ணாடி அணிந்திருந்தனர். ஊர் திரும்பிய தமிழர்களுக்குத் தமிழ்நாடு அரசும் உதவியது.

பாதுகாப்பு நடைமுறைகள்

குழப்பம் மூண்ட பிறகு ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே அயல்நாடு சென்றதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிய வேண்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உடையோர் சூடான், ஏமன், லிபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக அனுமதி பெற வேண்டும். முகவர் பேச்சை நம்பிச் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவரின் பெயர் அரசுப் பதிவில் இருக்காது.

குழப்பம் மூண்ட ஊரில் ஊர்வலம், ராணுவ நடமாட்டம் ஆகியவற்றைப் படமெடுக்கக் கூடாது. சன்னல், பால்கனி, மொட்டைமாடி ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். வதந்தியை நம்பித் தனியே கிளம்பாமல், தூதரகம் சொல்லும் நேரத்தில் சொல்லும் வழியில் செல்வதே நல்லது. கடவுச்சீட்டு, கொஞ்சம் ரொக்கம், அன்றாட மருந்து ஆகியவை ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

வெளிநாடு சென்றவரின் கடவுச்சீட்டு நகல், விசா நகல், வேலை செய்யும் நிறுவனத்தின் முகவரி ஆகிய மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். அவரை மீட்கக் கோரி அரசிடம் மனுக் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுபவை இவைதான்.