சங்காயத்தில் வந்த சீலகாந்த்

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசைப்படகு கரை சேரும்போது நின்னு பார்த்திருக்கீங்களா? இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போன பிறகு ஒரு குவியல் மிஞ்சும். பொடி மீன், நசுங்கின மீன், சந்தையில் யாரும் கேட்காத மீன். அதுக்குப் பேர் சங்காயம். கோழித்தீவனத்துக்குப் போகும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பைகேட்ச் என்பதில் இதுவும் அடக்கம்: தேடிப் போனது ஒன்று, கூடவே ஏறி வந்தது இன்னொன்று.

சீலகாந்த் மீனைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தக் குவியல்தான் ஞாபகத்துக்கு வந்தது. 'வாழும் புதைபடிவம்' என்று எங்கேயாவது ஒரு வரி படித்திருப்பீர்கள். ஆனால் இந்த மீனின் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, வேறு மீனுக்குப் போட்ட வலையிலும் தூண்டிலிலும் தப்பித்தவறி மாட்டியவற்றிலிருந்து வந்தது. அந்தக் கோணத்தில் அதிகம் பேர் எழுதவில்லை என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

1938 டிசம்பர் 22. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். சலும்னா ஆற்று முகத்துக்கு வெளியே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் இழுவை வலை போட்டுத் திரும்பியிருந்தது நெரைன் என்ற படகு. கேப்டன் ஹென்ட்ரிக் கூசனுக்கு ஒரு நல்ல பழக்கம்: கழிவு மீனைக் கொட்டுவதற்கு முன்னால் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்புவார். அங்கே பொறுப்பில் இருந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமருக்கு அப்போது 31 வயது. சுறாக்களும் மற்ற மீன்களும் கிடந்த குவியலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு துடுப்பைப் பார்த்தார். இழுத்தால் ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ.

டாக்சிக்காரர் முதலில் ஏற்ற மறுத்தார். பிணவறையில் வைக்கக் கேட்டார், முடியாது என்றார்கள். குளிர்பதனக் கிடங்கிலும் அதே பதில். டிசம்பர் மாதம் அங்கே கோடை. ஃபார்மலினில் நனைத்த துணியாலும் செய்தித்தாளாலும் சுற்றி வைத்து, ஒரு படம் வரைந்து, கிரஹாம்ஸ்டவுனில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மீன்களை ஆராய்ந்துவந்த ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதம் போட்டார். ஸ்மித் விடுமுறையில் வேறு ஊரில். கடிதம் கைக்குக் கிடைத்தது ஜனவரி 3. எலும்பையும் செவுளையும் பத்திரப்படுத்துங்கள் என்று தந்தி அடித்தார். அதற்குள் உள்ளுறுப்பு எல்லாம் அழுகி, குப்பைக்குப் போய்விட்டது. மிஞ்சியது தோலும் மண்டையோடும்தான்.

ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துபோனதாக நினைத்த மீன் வகை கிடைத்தது, உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க வழியில்லை. ஸ்மித் அதற்கு லாட்டிமேரியா சலும்னே என்று பெயர் வைத்தார். லாட்டிமர் பெயரும் ஆற்றின் பெயரும் அதில் இருக்கிறது. கூசனின் பெயர் இல்லை.

அடுத்த மீனுக்கு 14 வருஷம். 100 பவுண்டு பரிசு என்று ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசு மூன்றிலும் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கக் கொடுத்தார் ஸ்மித். 1952 டிசம்பரில் கொமோரோஸ் தீவுகளில் அஞ்சுவானைச் சேர்ந்த அகமதி அப்தல்லா என்ற மீனவரின் தூண்டிலில் ஒன்று மாட்டியது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் மலானிடம் கெஞ்சி, ராணுவ விமானம் வாங்கிப் பறந்துபோய் எடுத்து வந்தார் ஸ்மித்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்குள்ளவர்களுக்கு அந்த மீன் புதுசே இல்லை. கொம்பெஸா என்று பெயரே வைத்திருந்தார்கள். அவர்கள் தேடிப் போனது எண்ணெய் மீன். (அதன் எண்ணெய் நம் குடலில் செரிக்காது; கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் பேதிதான்.) ராத்திரியில் சின்னப் படகில் போய், எரிமலைச் சரிவில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குத் தூண்டில் இறக்குவார்கள். சீலகாந்தும் பகலெல்லாம் அதே சரிவில் குகைக்குள் இருந்துவிட்டு, இருட்டின பிறகு இரை தேடிக் கிளம்பும். இடமும் நேரமும் ஒன்றாக இருந்தால் தூண்டிலுக்கு வித்தியாசம் தெரியுமா?

இப்படி வந்த மீன்களை வைத்துத்தான் பாரிஸில் உட்கார்ந்து அக்குவேறு ஆணிவேறாக உடற்கூறு எழுதினார்கள். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் மாதிரித் திரவம் நிறைந்த ஒரு குழாய். மண்டைக்குள் மூளை நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை, மீதி கொழுப்பு. ரத்தத்தில் சுறாவைப் போல யூரியா. மூக்குப் பக்கம் மின்புலத்தை உணரும் ஒரு உறுப்பு.

மேலே வந்தால் ஏன் சாகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆழத்து மீன் என்றாலே கண் பிதுங்கி, வயிறு வாய்வழியாக வெளியே தள்ளியபடி வரும் என்று நினைப்போம். காற்றுப் பை உள்ள மீன்களுக்கு அது நடக்கும்: அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும். சீலகாந்துக்குக் காற்றுப் பையே கிடையாது. பயன்படாத நுரையீரலின் எச்சம் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு கொழுப்புப் பொதி. கொழுப்பு விரிந்து வெடிக்காது. ஆக, கொல்வது அழுத்தம் இல்லை, சூடு. அதன் ரத்தம் குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜனை நன்றாகப் பிடிக்கும். செவுளின் பரப்பும் குறைவு. 25 டிகிரிக்கு மேல் சூடான மேல்தண்ணீரில், தூண்டிலோடு போராடிக் களைத்த மீன் மூச்சுத் திணறித்தான் சாகிறது. மாட்டியதைக் கனத்தோடு கட்டி உடனே ஆழத்துக்கு இறக்கிவிடலாம் என்ற யோசனை பிற்பாடு வந்ததற்குக் காரணம் இதுதான்.

உயிரோடு, அதன் இடத்திலேயே அதைப் படம் பிடித்தது 1987-ல். ஹான்ஸ் ஃப்ரிக்கே 'கேயோ' என்ற சிறு நீர்மூழ்கியில் இறங்கினார். கால் மாதிரித் துடுப்பு இருப்பதால் கடலடியில் நடக்கும் என்று ஸ்மித் நம்பியிருந்தார். நடக்கவில்லை. நீரோட்டத்தில் மிதந்து போனது, சில சமயம் தலைகீழாக நின்றது. செத்த மீனை எத்தனை வருஷம் அறுத்தாலும் இது தெரிந்திருக்காது.

அப்புறம் கதை இடம் மாறுகிறது. 1998-ல் இந்தோனேசியாவின் மனாடோ துவா தீவில் சுறா வலையில் ஒன்று. அங்கேயும் உள்ளூர்ப் பெயர் தயாராக இருந்தது: ராஜா லாவுத், கடல் ராஜா. அது தனி இனம் என்று அடுத்த வருஷமே அறிவித்தார்கள். 2003-க்குப் பிறகு தான்சானியாவில், ஆழத்தில் போட்ட சுறா வலைகளில் டஜன் கணக்கில். ஒரு மென்பொருள்காரனாக இங்கே எனக்கு ஒரு நெருடல். இந்த மீன் எங்கெல்லாம் வாழ்கிறது என்று காட்டும் வரைபடம், உண்மையில் ஆழத்துக்கு வலையும் தூண்டிலும் எங்கெல்லாம் இறங்குகிறது என்று காட்டும் வரைபடம். லாக் எழுதாத சர்வரில் பிழையே இல்லை என்று சொல்வது மாதிரி, மாட்டாத இடத்தில் மீனே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வயசு விஷயத்தில்தான் பெரிய தவறு நடந்தது. மரத்துக்கு வளையம் எண்ணுவதுபோல மீனுக்குச் செதிலில் எண்ணுவார்கள். அப்படி எண்ணி, 20 வருஷம் போல வாழும் என்று முடிவு கட்டினார்கள். அந்த உடம்புக்கு 20 வருஷத்தில் வளர வேண்டுமென்றால் சூரை மீன் வேகத்தில் வளர வேண்டும், இதுவோ சோம்பேறி. பொருந்தவே இல்லை. 2021-ல் கெலிக் மாஹே குழுவினர் அருங்காட்சியகங்களில் இருந்த 27 கொமோரோஸ் மீன்களின் செதில்களை முனைவாக்கிய ஒளியில் பார்த்தார்கள். பெரிய வளையங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்கள். வருஷத்துக்கு ஒன்று என்பது அவைதான். கணக்கு தலைகீழானது: மூத்த மீனுக்கு 84 வயது, ஆயுள் நூறு ஆண்டு போல, பருவத்துக்கு வர ஏறக்குறைய 55 ஆண்டு, கர்ப்பம் ஐந்து ஆண்டு.

ஐந்து வருஷக் கர்ப்பம்! குட்டி போடும் மீன் என்பதே 1975-ல்தான் உறுதியானது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் 1962 முதல் இருந்த ஒரு மீனை அறுத்தபோது உள்ளே ஐந்து குட்டிகள், ஒவ்வொன்றும் மஞ்சள் கருப் பையோடு.

அதைவிடப் பெரியது 1991-ல். மொசாம்பிக் கரையோரம் ஒரு இழுவைப் படகின் வலையில் 98 கிலோ பெண் மீன் ஏறியது. கொமோரோஸுக்கு வெளியே அகப்பட்டது என்பதற்காக அப்போது பரபரப்பானது. வயிற்றில் 26 குட்டிகள், பிறக்கும் பருவத்தில். 2021-ன் கணக்கை வைத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்தக் குட்டிகள் 1991-ல் பிறந்திருந்தால், அவை முதன்முதலாகக் குட்டி போடத் தயாராவது 2046 வாக்கில்.