ஓபியாய்டு மருந்துகளும் இதயப் பாதுகாப்பும்

அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினும், ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் ஃபென்டனில் போன்றவையும் ஓபியாய்டு வகை மருந்துகள். கடும் வலிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தரப்படும் இவை, ரத்த ஓட்டம் தடைபட்ட இதயத் தசையின் சேதத்தையும் குறைக்கும் என்பது 1990-களில் விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது.

இதற்கு அடிப்படை 1986-ல் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்தார்கள். ஐந்து நிமிடம் திறந்துவிட்டார்கள். இப்படி நான்கு முறை செய்துவிட்டு, பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். சின்னச் சின்ன அடைப்புகளால் சேதம் கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: மற்ற நாய்களில் செத்த தசையில் கால்பங்குதான் இவற்றில் செத்திருந்தது. இதயம் தன்னைத் தானே தயார்படுத்திக்கொள்கிறது என்பது புரிந்தது.

அந்தத் தயாரிப்பில் உடலே சுரக்கும் ஓபியாய்டுகளுக்குப் பங்கு உண்டு என்பதை விஸ்கான்சினில் காரெட் கிராஸ் குழு எலிகளில் காட்டியது. மார்பினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் பாதுகாப்பு மறைந்தது. அடைப்பே இல்லாமல் மார்பினை முன்கூட்டிக் கொடுத்தால் அதே பாதுகாப்பு கிடைத்தது. இதயச் செல்களின் டெல்டா ஏற்பிகளில் மருந்து ஒட்டுகிறது. அதன் தொடர்ச்சியாக மைட்டோகாண்ட்ரியாவின் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. ரத்தம் திரும்பப் பாயும்போது மைட்டோகாண்ட்ரியா சிதைவது இதனால் குறைகிறது. நம் ஊரில் பலர் சர்க்கரைக்கு விழுங்கிய கிளிபென்கிளமைடு மாத்திரை இதே வகை வாயில்களை மூடிவிடும். எலிகளில் அது மார்பினின் பலனைத் தடுத்தது.

மனிதர்களிடம் கிடைத்திருக்கும் சான்று மெலிந்தது. பைபாஸ் அறுவையின்போது ரெமிஃபென்டனில் பெற்றவர்களுக்கு இதயச் சேதத்தைக் காட்டும் ரத்த அளவுகள் குறைந்ததாக ஹாங்காங்கில் ஒரு சிறு ஆய்வு 2010-ல் சொன்னது. அறுவைக்கு நேரம் குறித்திருப்பதால் மருந்தை முன்பே கொடுக்க முடிகிறது. மாரடைப்பு நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் குழு, 50 நகரங்களின் 89 மையங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008-ல் வெளியிட்டது. தமனி முழுதாக அடைபடும் கடும் வகை மாரடைப்பு கண்டவர்களில் பாதிப் பேர் வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குப் பிறகே மருத்துவமனை சேர்ந்திருந்தார்கள். அதற்குள் காப்பாற்ற வேண்டிய தசையில் பெரும்பகுதி போய்விடும்.

மார்பினால் கெடுதலும் உண்டு. அது இரைப்பையின் அசைவை மந்தமாக்கும், வாந்தியும் வரும்; ரத்தம் உறையாமலிருக்க விழுங்கிய டிகாக்ரெலார், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் ரத்தத்தில் கலக்கத் தாமதமாகும். அமெரிக்க மருத்துவமனைகளில் 57,039 நோயாளிகளின் பதிவுகளை அலசிய 2005-ஆம் ஆண்டு ஆய்வில், மார்பின் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. வலி அதிகம் இருந்தவர்களுக்கே மார்பின் போட்டிருப்பார்கள் என்பதால், இதை வைத்து மருந்தைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2017-ல் மாரடைப்பு வலிக்கு மார்பின் தருவதற்கான பரிந்துரையை ஒரு படி இறக்கியது. இன்றும் மாரடைப்பில் மார்பின் தரப்படுவது வலிக்காகத்தான், இதயத் தசையைக் காப்பதற்காக அல்ல.