கோப்பை கொடுத்தவங்களைக் கேள்வி கேட்கலாமா?

போன வாரம் கடற்கரையில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பல வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டையில் வந்து நின்றது. ஒரு கால்பந்துப் போட்டியில் 'சிறந்த ஆட்டக்காரர்' கோப்பையை, இரண்டே ஆட்டம் ஆடிய ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்க கூட்டாளி ஒருத்தன் சந்தா கட்டிய உறுப்பினர். எழுந்து, "எந்த விதிப்படி கொடுத்தீங்க?" என்று கேட்டான். "கமிட்டி முடிவு பண்ணியாச்சு. நீ யாரு கேக்க?" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவன் அந்தப் பக்கமே அப்புறம் போகவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 'நீ யாரு கேக்க' என்ற கேள்விக்குப் பதில் என்ன? விமானக் கதைகளைப் படிப்பது எனக்குப் பழைய கிறுக்கு. அங்கேயே இதே சண்டை இரண்டு தடவை நடந்திருப்பது ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் கதை 1930. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இங்கிருந்து அங்கேயோ தனியாக விமானம் ஓட்டிப் போகும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். லண்டனில் இருந்த ராயல் ஏரோ கிளப் மூலமாக வந்த அறிவிப்பு. நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன: தனியாகப் போகணும், குறிப்பிட்ட கெடுவுக்குள் முடிக்கணும்.

மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். ராவல்பிண்டிக்காரர் மன்மோகன் சிங். கராச்சியில் வளர்ந்த, அப்போது 17 வயசே ஆன அஸ்பி இன்ஜினியர். மூன்றாவது ஆள் ஜே.ஆர்.டி. டாடா. முந்தைய வருஷம்தான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை வாங்கியிருந்தார். நம்ம பக்கம் ராஜாஜி தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்துகொண்டிருந்த அதே ஏப்ரல் மாதத்தில், மன்மோகன் சிங்கும் அஸ்பியும் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள். டாடா மே 3ஆம் தேதி கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார்.

எகிப்தில் அபுகீர் என்ற இடத்தில் டாடா இறங்கியபோது, அங்கே அஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். போட்டியாளர்தானே, கிடக்கட்டும் என்று டாடா பறந்திருக்கலாம். தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்! அஸ்பி பதிலுக்குத் தன் உயிர்காப்புச் சட்டையைக் கொடுத்தார். மே 11ஆம் தேதி அஸ்பி கராச்சியில் இறங்கிவிட்டார். டாடா லண்டனைத் தொட்டபோது பரிசு கைநழுவியிருந்தது.

சர்ச்சைக்குரிய விஷயம் மன்மோகன் சிங்குடையது. ஊர் வந்து சேர்ந்ததில் அவர்தான் முந்தி. ஆனால் வழியில் பிரான்சில் அவசரமாக இறங்க நேர்ந்து, நாள் போய், கெடு தாண்டிவிட்டது. பரிசு அஸ்பிக்கு. 'முதலில் வந்தவனுக்கு இல்லையா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனா யோசிச்சுப் பாருங்க, கெடு என்பது கிளம்பும் முன்னாடியே எல்லாருக்கும் தெரிந்த விதி. அவருக்காகத் தளர்த்தியிருந்தால், விதியை மதித்து முடித்த பையனுக்கு அநியாயம்.

இரண்டாவது கதை 1961. இது தலைகீழ். உலகத்து விமானக் கிளப்புகளுக்கெல்லாம் தாய் அமைப்பு, 1905ல் தொடங்கிய சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம். ஒவ்வொரு நாட்டின் ஏரோ கிளப்பும் அதன் உறுப்பினர். சாதனைகளைப் பதிவு செய்வது அதுதான். அதன் விதி: விமானி தன் கலத்துக்குள்ளேயே தரையிறங்கணும், இல்லாவிட்டால் சாதனை செல்லாது.

ஏப்ரல் 12ஆம் தேதி யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்தார். ஆனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை விட்டு வெளியேறி, பாராசூட்டில்தான் இறங்கினார். வோஸ்தோக் கலம் மனிதனோடு மெதுவாக இறங்கும்படி செய்யப்படவில்லை. சோவியத் தரப்பு இதை மறைத்து, கலத்தோடு இறங்கினார் என்றே சொன்னது. சாதனை பதிவானது. ஆகஸ்டில் பறந்த டிடோவ், தான் வெளியே குதித்ததைச் சொல்லிவிட்டார். பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். மனிதன் விண்வெளிக்குப் போய்த் திரும்பியதுதான் பெரிய விஷயம், இறங்கிய விதம் அல்ல என்று விதியை மாற்றினார்கள். ககாரின் விஷயத்தில் உண்மையை சோவியத் ஒப்புக்கொண்டது 1971ல்தான்.

முடிவு சரிதான். ககாரின் சாதனையை யார் மறுக்க முடியும்? ஆனால் உறுப்பினர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு விதியை மாற்றியிருந்தால், பத்து வருஷம் மறைத்து வைக்க வேண்டியதே இல்லையே!

அந்தச் சம்மேளனத்தின் போட்டி விதிகளிலேயே ஆட்சேபத்துக்கு வழி இருக்கிறது. எழுத்தில், கெடுவுக்குள், ஒரு தொகை கட்டிக் கொடுக்கணும். ஆட்சேபம் நியாயமென்றால் பணம் திரும்ப வரும். நம்ம ஊர்க் கால்பந்தில் புரொட்டஸ்ட் கட்டுவோமே, அதே கதைதான்.

சாதாரணக் கிளப்புக்கும் வழி உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி பதிவான சங்கத்தில், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் 1962ல் டாவர் வழக்கில், ஓர் உறுப்பினரை நீக்கிய விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் எல்லையைச் சொல்லிவிட்டது: விதிப்படி நடந்தார்களா, நல்லெண்ணத்தோடு நடந்தார்களா, எதிர்த்தரப்பைக் கேட்டார்களா என்றுதான் கோர்ட் பார்க்கும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், யார் நல்லா ஆடினான் என்று ஜட்ஜ் ஐயா வந்து சொல்லமாட்டார். அதனால் பொதுக்குழுவில் எழுந்து கேட்பதுதான் முதல் ஆயுதம். அங்கேயே வாயை மூடினால் அப்புறம் மிச்சம் ரொம்பக் குறைவு.

அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்? அஸ்பி 1960ல் இந்திய விமானப்படைத் தளபதி ஆனார். மன்மோகன் சிங் 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் உயிரிழந்தார். தோற்ற டாடா 1932ல் கராச்சி - மதராஸ் தபால் விமானம் தொடங்கினார். 1938ல் அது கொழும்பு வரை நீண்டது. எங்க ஊர் ஆட்கள் கொழும்பில் கடை வைத்திருந்த காலம் அது.

தோற்றவன் சங்கடமில்லாமல் அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது, விதி எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்ததால். எங்க கூட்டாளிக்குக் கிடைக்காமல் போனது அதுதான். அவன் கோப்பையைக் கேட்கவில்லை, விதியைத்தான் கேட்டான்.

'நீ யாரு கேக்க?' என்றால் பதில் ரொம்ப எளிசு. உறுப்பினர்!