சிறு காசுகள் வாங்கிய திடல்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், 82,000 பேருக்கு மேல் கூடி ஆட்டம் காணத்தக்க பெரும் விளையாட்டரங்கு ஒன்று உண்டு. அதற்கு மன்னர் பெயரோ, வணிக நிறுவனத்தின் பெயரோ சூட்டப்படவில்லை. ஒரு கத்தோலிக்கப் பேராயரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. காசெல் உயர்மறைமாவட்டத்தின் பேராயராக விளங்கிய தாமஸ் குரோக் அவர்களின் நினைவைத் தாங்கி, 'குரோக் பார்க்' என்று அது அழைக்கப்படுகிறது. அவ்வரங்கின் வாயிலில் வாங்கப்படும் கட்டணம் உயர்வதும், உள்ளே வரும் மக்கள்தொகை சில ஆண்டுகளில் குறைவதும் அந்நாட்டில் அடிக்கடி விவாதப் பொருளாகின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வரவு செலவுக் கணக்காகத் தோன்றலாம். உண்மையில், எளிய மக்களால் உருவான ஓர் இயக்கம் அம்மக்களை இன்றும் தன் வாசலில் வரவேற்கிறதா என்பதே இதிலுள்ள கேள்வி. இதனை உணர, வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, திப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் என்னும் சிற்றூரின் விடுதி ஒன்றில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடினர். மைக்கேல் குசாக் என்னும் ஆசிரியரும், மாரிஸ் டேவின் என்னும் தடகள வீரரும் அவர்களுள் முதன்மையானவர்கள். கேலிக் விளையாட்டுக் கழகம் அன்று பிறந்தது. பெரும் பஞ்சம் அந்நாட்டை உலுக்கி நாற்பது ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது. தாய்மொழி தேய்ந்தது; இளைஞர் கப்பலேறிய வண்ணம் இருந்தனர். அந்நாளைய விளையாட்டு அமைப்புகளோ உழைத்துப் பிழைப்போரை ஒதுக்கிவைத்தன. வளைமட்டையால் சிறு பந்தை அடித்தாடும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய மரபு விளையாட்டுகளுக்குப் புத்துயிர் ஊட்டுவதன் வழியே, தாழ்வுற்ற ஒரு மக்களின் தலையை நிமிர்த்த முடியும் என்று அச்சிலர் நம்பினர். பேராயர் குரோக் அக்கழகத்தின் புரவலராக இருக்க மனமுவந்து இசைந்தார்.

கழகம் தன் அடித்தளமாகக் கொண்டது பங்கை. ஒரு பங்குக்கு ஒரு மன்றம் என்பதே அதன் வழக்கமாயிற்று. திருப்பலி முடிந்த ஞாயிறு பிற்பகலில் ஊரார் திடலில் கூடினர். ஏனெனில், கூலியாளுக்கு வேறு ஓய்வுநாள் இல்லை. ஆடியவருக்கு ஊதியமும் இல்லை. இன்றுவரை அவ்வாறே. ஆசிரியரும் உழவரும் தச்சரும் வார நாட்களில் தத்தம் தொழிலைச் செய்து, ஞாயிறன்று தம் ஊருக்காகக் களம் இறங்குகின்றனர்.

தளர்ச்சியும் அக்கழகத்துக்குப் புதிதன்று. நிதி திரட்டும் நோக்கத்துடன் 1888-ல் அமெரிக்காவுக்கு வீரர் குழு ஒன்று சென்றது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பயணம் கடனில் முடிந்தது. வீரர்களை ஊருக்கு அழைத்துவர, மக்கள் தலைவர் மைக்கேல் டேவிட் 450 பவுண்டு கடன் கொடுக்க நேர்ந்தது. வீரர்களுள் பலர் திரும்பவே இல்லை. அதன்பின், 1890-ல் பார்னெல் என்னும் அரசியல் தலைவரை முன்னிட்டு நாடே இரண்டுபட்டபோது மன்றங்களும் பிளவுபட்டன, திடல்கள் வெறிச்சோடின. கட்டணம் கூடியதால் நேர்ந்த வெறுமை அன்று அது. மனங்கள் பிரிந்ததால் நேர்ந்த வெறுமை.

மீட்சியும் மக்களிடமிருந்தே வந்தது. 1902-ல் மறைந்த பேராயர் குரோக்குக்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பிய கழகம், 1913-ல் அவர் பெயரால் போட்டி ஒன்றை நடத்தியது. கெர்ரி, லவுத் ஆகிய மாவட்டங்கள் மோதிய கால்பந்து இறுதியாட்டம் சமநிலையில் முடிய, மீண்டும் ஓர் ஆட்டம் ஆடப்பட்டது. பல்லாயிரம் பேர் தொடர்வண்டிகளில் வந்து குவிந்தனர். நினைத்ததைவிடப் பன்மடங்கு பணம் சேர்ந்தது. அந்தத் துணிவில்தான், அதே ஆண்டில் கழகம் 3,500 பவுண்டு கொடுத்து டப்ளின் திடலை வாங்கிப் பேராயரின் பெயரைச் சூட்டியது. செல்வரின் கொடையால் வந்த சொத்தன்று அது. வாயிலில் நின்று எளியவர் செலுத்திய சிறு காசுகளே அத்திடலை வாங்கின. ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை அறிந்த நமக்கு, அக்காசுகளின் எடை தெரியும்.

பணம் மட்டுமன்று, குருதியும் அங்குச் சிந்தப்பட்டது. 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. டப்ளினும் திப்பரேரியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரித்தானியப் படையினர் உள்ளே புகுந்து கூட்டத்தின்மீது சுட்டனர். பதினான்கு உயிர்கள் பிரிந்தன. மைக்கேல் ஹோகன் என்னும் திப்பரேரி ஆட்டக்காரர் களத்திலேயே மாண்டார். இறந்தோருள் சிறுவர் மூவர். ஆட்டம் காணச் சென்றவர் வீடு திரும்பாத அந்நாளுக்குப் பின், குரோக் பார்க் அம்மக்களுக்கு வெறும் விளையாட்டிடமாக இருக்கவில்லை, நினைவிடமும் ஆயிற்று.

அந்தப் பற்றின் ஆழத்தைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. இரண்டாம் உலகப்போரின்போது எரிபொருள் இல்லை, தொடர்வண்டிகளும் அரிது. எனினும் 1944-ன் கால்பந்து இறுதியாட்டத்துக்கு 79,245 பேர் வந்தனர். நெடுந்தொலைவு மிதிவண்டி மிதித்து வந்தோரும் அவர்களுள் உண்டு. 1961-ல் டவுன், ஆஃபலி மாவட்டங்கள் ஆடிய இறுதியாட்டத்தில் கூடியவர் 90,556 பேர். அந்த எண்ணிக்கை இதுவரை முறியடிக்கப்படவில்லை. அக்காலத்தில் ஆயர் ஒருவர் பந்தை எறிந்து இறுதியாட்டத்தைத் தொடங்கிவைப்பது மரபாயிருந்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் அயர்லாந்தின் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1962-ன் இறுதியாட்டம் வீடுகளிலேயே காணக் கிடைத்தது. அரங்குக்கு வந்தோர் 75,771 பேர். ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கூறுதல் தகாதெனினும், அடுப்பங்கரை நாற்காலி திடலுக்குப் போட்டியாக வந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், நெஞ்சைத் தொடும் போட்டி இருந்தால் மக்கள் வராதிருந்ததில்லை. 1991-ல் டப்ளினும் மீத்தும் மோதிய முதல் சுற்று ஆட்டம் முடிவுறாமல் நான்கு முறை ஆடப்பட்டபோது, மொத்தம் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அதன்பின், 1990-களில் தொடங்கி 2005 வரை அரங்கு புதிதாகக் கட்டப்பட்டது. அரசின் உதவியும் வந்தது. நிறுவனங்களுக்கென உயர்விலை இருக்கைகளும் சிற்றறைகளும் எழுந்தன. எழிலும் பாதுகாப்பும் கூடின. உடன் செலவும் கூடிற்று.

2018-ல் கால்பந்துத் தொடரின் அமைப்பு மாற்றப்பட்டது. வருவோர் தொகை குறைந்தது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் யூரோவாக இருந்த வாயில் வருவாய், 3 கோடிக்குக் கீழே இறங்கிற்று. அவ்வாண்டிலேயே நிகழ்ந்த ஒன்று குறிக்கத்தக்கது. கில்டேர் அணி, மேயோ அணியைத் தன் ஊரான நியூபிரிட்ஜில் எதிர்கொள்ள உரிமை பெற்றிருந்தது. இடம் போதாதென்று கூறி, ஆட்டத்தைக் குரோக் பார்க்குக்கு மாற்றக் கழகம் முடிவு செய்தது. நியூபிரிட்ஜில் ஆடுவோம், அன்றேல் எங்கும் ஆடோம் என்று கில்டேர் உறுதியாக நின்றது. கழகம் இறங்கிவந்தது, ஜூன் 30 அன்று சிறிய ஊர்த்திடலிலேயே ஆடிக் கில்டேர் வென்றது. பெரிய அரங்கைவிடத் தம் மண்ணே பெரிதென்று எளியவர் உரைத்த தீர்ப்பு அது.

இருப்பினும், 2019 சனவரியில் கட்டணம் உயர்த்தப்பட்டது. இறுதியாட்ட இருக்கை 80 யூரோவிலிருந்து 90 ஆகவும், நின்று காணும் இடம் 40-லிருந்து 45 ஆகவும் உயர்ந்தன. 2024-ல் அவை 100, 55 என்றாயின. நடுநிலையோடு நோக்கினால் கழகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆட்டக்காரர் ஊதியம் பெறுவதில்லை. வருவாயில் 80 விழுக்காட்டுக்கு மேல் மன்றங்களுக்கும் மாவட்டங்களுக்கும் விளையாட்டின் வளர்ச்சிக்குமே திரும்பிச் செல்கிறது என்று கழகம் கூறுகிறது. சிறுவர்க்குச் சலுகையும் உண்டு. ஆனால், மூன்று பிள்ளைகளுடன் தொலைமாவட்டத்திலிருந்து புறப்படும் தந்தைக்கு நுழைவுச்சீட்டோடு செலவு முடிவதில்லை. ஆண்டு முழுதும் பங்கு மன்றத்தில் கோடு வரைந்து, புல் வெட்டி, பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தவர் அவரே. அவரிடமே மேலும் கேட்கும்போது, சற்றே தயங்குதல் தகும்.

கட்டணம் ஒன்றே காரணம் என்பதும் முழு உண்மையன்று. 2015 முதல் 2020 வரை டப்ளின் தொடர்ந்து ஆறு முறை வாகை சூடியது. 2000-களில் 80,000 பேரை ஈர்த்த லின்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் இருக்கைகள் வெறுமையாயின. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைக் காண யார் வருவர்? அதே வேளையில், மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் ஆட்டங்களுக்குச் சீட்டுக் கிடைப்பதே அரிதாயிற்று. நம்பிக்கை இருக்கும் இடத்துக்கு மக்கள் காசைப் பாராமல் வருகின்றனர். நம்பிக்கை அற்ற இடத்திலோ சிறு தொகையும் சுமையாகிறது.

2020 நவம்பர் 21 அன்று, படுகொலையின் நூற்றாண்டு நினைவு நாளில், கொள்ளைநோயின் காரணமாகக் குரோக் பார்க் வெறுமையாய்க் கிடந்தது. இருண்ட அரங்கில் மாண்டோருக்காகப் பதினான்கு தீப்பந்தங்கள் மட்டும் எரிந்தன. மக்கள் இல்லாத திடல் எத்துணைப் பெரிதாயினும் வெறும் கல்லே என்பதை அந்தக் காட்சி உணர்த்தியது.

ஒரே பங்கில் தோன்றி, ஒரே ஞாயிற்றைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கூட்டங்கள் அந்நாட்டில் இருந்தன: கோவிலில் கூடியது ஒன்று, திடலில் கூடியது மற்றொன்று. 1970-களின் தொடக்கத்தில் பத்துக் கத்தோலிக்கருள் ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலி கண்ட நாட்டில், இன்று கோவில் இருக்கைகள் பல வெறுமையாக உள்ளன. அங்கு வாயிற்கட்டணம் ஏதுமில்லை. எனினும் மக்கள் விலகினர். ஆகவே, வெற்றிருக்கையைக் காணும் எந்தக் கூட்டமும் வராதவரைக் குறைகூறுமுன், இது இன்னும் எங்களுடையது என்று அவர்கள் உணர நாம் இடம் வைத்தோமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நலம். சிறு காசுகளால் வாங்கப்பட்ட திடலில், சிறு காசுடையோர் என்றும் உரிமையாளரே, விருந்தினர் அல்லர்.